யூத வரலாறு, நூல்கள், கலை: வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்க முழுமையான வழிகாட்டி

ரபி அகிவா யூத மரபின் மிகப் பெரிய ஆசிரியர்களில் ஒருவர். கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். நாற்பது வயது வரை அவருக்கு எழுத்தே தெரியாது என்கிறது ஒரு பழங்கதை. கிணற்றடியில் நின்றவர் குழிந்து போயிருந்த கல்லைப் பார்த்து, இதைக் குடைந்தது யார் என்று கேட்டாராம். தினமும் இதன்மேல் விழுகிற தண்ணீர்தான் என்றார்களாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம்மூரில் சொல்வோமே, அதேதான். அப்புறம் அவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரிடம் போனார். பலகையின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார், மறுமுனையை மகன் பிடித்துக்கொண்டான், வாத்தியார் ஆலெஃப், பேத் என்று எழுதிக் காட்டினார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்தப் பலகைதான். அதை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். யூதர்களின் நூல்களை இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் படித்து வருகிறார்கள், இருவர் இருவராக, சத்தமாக, கேள்வி கேட்டுக்கொண்டு. ஆன்லைனில் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள். மூவாயிரம் ஆண்டு வரலாறு என்று ஒரு வீடியோ வரிசையைத் திறந்து, நான்காவது வாரத்தில் மூடிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் மூடினேன். இரண்டாம் முறை ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, கூடப் படிக்க ஒருவரையும் தேடிக்கொண்டு ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வந்தால் போதும், பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. எபிரேயம் தெரிய வேண்டியதில்லை.

படி 1: நூல்களின் பெயரும் உறவும் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். ஆனால் இதைச் செய்யாமல் உள்ளே போனால் எல்லாம் குழம்பும்.

அடித்தளம் தனாக். தோரா, நெவீம், கெத்துவீம் (சட்டம், தீர்க்கதரிசிகள், எழுத்துகள்) என்ற மூன்று பகுதிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. தமிழில் பழைய ஏற்பாடு என்று நமக்குப் பழகிய நூல்களேதான், ஆனால் எண்ணிக்கை 24, வரிசையும் வேறு. கிறிஸ்தவப் பழைய ஏற்பாடு மல்கியாவில் முடியும், தனாக் நாளாகமத்தில் முடியும். யூதர்கள் இதைப் ‘பழைய’ ஏற்பாடு என்று சொல்வதில்லை, வகுப்பில் நீங்களும் தனாக் என்றே சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது மிஷ்னா. கி.பி. 200 அளவில் ரபி யெகூதா ஹநாசி தொகுத்தது, 6 பெரும் பிரிவுகள், 63 நூல்கள். விவசாயம், பண்டிகை, திருமணம், கடன், நஷ்ட ஈடு என்று வாழ்க்கையின் எல்லா மூலைகளுக்குமான சட்டப் பேச்சு. இந்த மிஷ்னாவை வரிவரியாக எடுத்து அலசுவது கெமாரா. இரண்டும் சேர்ந்தால் தல்மூத். எருசலேம் தல்மூத், பாபிலோன் தல்மூத் என்று இரண்டு உண்டு, வெறுமனே தல்மூத் என்று சொன்னால் பாபிலோன் தல்மூத்தைத்தான் சொல்கிறார்கள்.

தல்மூத்தின் அச்சுப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மூலம். ஒரு பக்கம் ராஷியின் உரை. அவர் பிரான்சின் துருவா நகரத்தவர், காலம் 1040 முதல் 1105 வரை. மறுபக்கம் தோசஃபோத், அதாவது ராஷிக்குப் பின் வந்தவர்களின் குறிப்புகள், பல இடங்களில் ராஷியையே மறுத்துப் பேசுபவை. குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது: மூலம், உரை, உரைகாரரை மறுக்கும் உரை. 1520 முதல் 1523 வரை வெனிஸில் தானியேல் பொம்பெர்க் முழுத் தல்மூத்தையும் முதன்முதலாக அச்சிட்டபோது நிலைபெற்ற இந்தப் பக்க வடிவம் இன்றுவரை மாறவில்லை.

இதற்கு மேல் இப்போது வேண்டாம். மித்ராஷ், ஹலாக்கா, கபாலா என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும், வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: செஃபாரியாவைத் திறந்து கைக்குப் பழக்குங்கள்

ஒரே ஒரு தளம்தான் பயன்படுத்த முடியும் என்றால் செஃபாரியாவைத்தான் சொல்வேன். ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் என்ற இருவர் 2011ல் தொடங்கிய இலவச நூலகம் இது. தனாக், மிஷ்னா, தல்மூத், ராஷி, மித்ராஷ் (தனாக் வசனங்களுக்கான பழைய விளக்கங்கள்) எல்லாம் மூலமும் ஆங்கிலமுமாக இருக்கின்றன. 2017ல் ரபி ஸ்டைன்சால்ட்ஸின் தல்மூத் மொழிபெயர்ப்பை இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு, பணம் கொடுத்துப் பெரிய பெரிய தொகுதிகளாக வாங்க வேண்டியிருந்த ஒன்று யார் கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

தளத்துக்குள் போனதும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து, ஏதாவது ஒரு வசனத்தைத் தொடுங்கள். பக்கவாட்டில் ஒரு பட்டி திறக்கும். அந்த வசனத்தைப் பற்றி யார் யார் எழுதியிருக்கிறார்கள், தல்மூத்தில் எங்கே அது எடுத்தாளப்படுகிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். முதல் நாளில் அந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ராஷியை மட்டும் தொடுங்கள். ராஷி எப்போதும் ஏதோ ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார், ஆனால் கேள்வியை எழுத மாட்டார், பதிலை மட்டும் எழுதுவார். அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள், அதுதான் ராஷியைப் படிக்கும் முறை.

தல்மூத்தின் ஆங்கிலத்தில் சில சொற்கள் தடித்த எழுத்திலும் சில சாதாரண எழுத்திலும் இருக்கும். தடித்தவை மூலத்தின் நேர் மொழிபெயர்ப்பு, சாதாரணமானவை மொழிபெயர்த்தவர் சேர்த்த விளக்கம். முதலில் தடித்ததை மட்டும் வாசியுங்கள். தந்தி மாதிரி விட்டுவிட்டு வரும், புரியாது. பிறகு விளக்கத்தையும் சேர்த்து வாசித்தால் மூலம் எவ்வளவு சுருங்கப் பேசுகிறது என்று தெரியும். செயலியில் நூல்களை இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும், நெட் இல்லாத ரயில் பயணத்தில் எனக்கு அது பெரிய துணை.

பக்கத்தில் ஒரு தமிழ் பைபிளையும் வைத்துக்கொள்ளுங்கள். தனாக் வாசிக்கும்போது நமக்குக் கிடைக்கிற நல்ல பாலம் அது. எண்கள் மட்டும் சில இடங்களில் இடிக்கும். சங்கீதங்களின் தலைப்பு வரியையும் எபிரேயத்தில் வசனமாக எண்ணுவதால், நம் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் அங்கே மூன்றாவது. யோவேல் 2:28 அங்கே 3:1. வசனம் பொருந்தவில்லையென்றால் நீங்கள் தப்பான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைக்காமல் இரண்டு வரி மேலே கீழே பாருங்கள்.

படி 3: ஒரே ஒரு மிஷ்னா, ஒரு மாதம்

வேகமாகப் போக ஆசை வரும். தினம் ஒரு தாள் வீதம் முழுத் தல்மூத்தையும் முடிக்கும் தஃப் யோமி என்ற திட்டம் இருக்கிறது. 1923ல் வியன்னாவில் நடந்த ஒரு மாநாட்டில் ரபி மெயிர் ஷபீரோ முன்வைத்தது. 2,711 தாள்கள், கிட்டத்தட்ட ஏழரை ஆண்டுகள். பதினான்காம் சுற்று 2020 ஜனவரி 5ல் தொடங்கியது, 2027 ஜூனில் முடியும். உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்கிறார்கள் என்பது சிலிர்க்க வைக்கிற விஷயம்தான். ஆனாலும் புதியவர்கள் அதில் ஏறாதீர்கள். நாளுக்கு ஒரு தாள் என்பது ஏற்கனவே நீந்தத் தெரிந்தவர்களுக்கான வேகம்.

பாபா மெட்ஸியா என்ற நூலின் முதல் மிஷ்னாவை எடுத்துக்கொள்ளுங்கள் (அதில் உள்ள ஒரு பத்தியையும் மிஷ்னா என்றே சொல்வார்கள்). கடவுள், சடங்கு எதுவும் தெரியாமலே புரியும். இதுதான் அது:

இரண்டு பேர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் நான் கண்டெடுத்தேன் என்கிறார், அவரும் நான் கண்டெடுத்தேன் என்கிறார். இவர் முழுதும் என்னுடையது என்கிறார், அவரும் முழுதும் என்னுடையது என்கிறார். இவர் தனக்கு அதில் பாதிக்குக் குறையாமல் பங்கு உண்டு என்று சத்தியம் செய்ய வேண்டும், அவரும் அப்படியே சத்தியம் செய்ய வேண்டும், பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் முழுதும் என்னுடையது என்கிறார், மற்றவர் பாதி என்னுடையது என்கிறார் என்றால், முழுதும் கேட்டவர் முக்காலுக்குக் குறையாது என்றும், பாதி கேட்டவர் காலுக்குக் குறையாது என்றும் சத்தியம் செய்ய வேண்டும். இவருக்கு முக்கால், அவருக்குக் கால்.

இவ்வளவுதான். நோட்டில் இதை உங்கள் தமிழில் எழுதுங்கள், பிறகு உறுத்துகிற எல்லாவற்றையும் கேள்வியாக எழுதுங்கள். எனக்கும் என்னோடு படிக்கும் அக்காவுக்கும் முதல் வாரம் வந்த கேள்விகளைச் சொல்கிறேன். அவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, நாங்கள் வாட்ஸ்அப்பில் பேசித்தான் படிக்கிறோம். “தம்பி, பாதி கேட்டவனுக்குப் பாதி கொடுக்க வேண்டியதுதானே, கால் எங்கேருந்து வந்தது?” என்றார். நான் விழித்தேன். மறுநாள் அவரே பதிலோடு வந்தார்: பாதிதான் என்னுடையது என்று சொன்னவன் மறுபாதியை அப்போதே விட்டுக்கொடுத்துவிட்டான், அது இனி வழக்கே இல்லை, மிச்சப் பாதிக்குத்தான் சண்டை, அந்தப் பாதியைத்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

தகராறில் இருப்பதை மட்டும் சமமாகப் பிரிப்பது என்ற இந்தக் கணக்கை வைத்துத்தான் ராபர்ட் ஆவ்மன், மைக்கேல் மாஷ்லர் என்ற இரண்டு கணித அறிஞர்கள் தல்மூத்தில் வேறொரு இடத்தில் வரும், நெடுங்காலம் பிடிபடாதிருந்த ஒரு கடன் பங்கீட்டுக் கணக்கை விளக்கி 1985ல் கட்டுரை எழுதினார்கள். ஆவ்மனுக்கு 2005ல் பொருளாதார நோபல் கிடைத்தது, ஆட்டக் கோட்பாட்டில் செய்த வேலைகளுக்காக. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் கெமாராவுக்குள் போங்கள். உங்கள் கேள்விகளில் பாதி அங்கே ஏற்கனவே கேட்கப்பட்டிருக்கும். ‘நான் கண்டெடுத்தேன்’ என்று சொன்ன பிறகு ‘முழுதும் என்னுடையது’ என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? இருவரும் கையில் பிடித்திருக்கும்போது சத்தியம் எதற்கு? அதற்கு ரபி யோகனான் சொல்லும் காரணம், சத்தியம் இல்லையென்றால் ஆளாளுக்குப் போய் அடுத்தவர் துணியைப் பிடித்துக்கொண்டு என்னுடையது என்று சொல்லிவிடுவார்கள் என்பது. நீங்கள் சொந்தமாகக் கேட்ட கேள்வியை 1,500 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஒருவர் கேட்டிருப்பதைப் பார்க்கிற அந்த நொடிக்காகத்தான் முதல் மாதம் முழுவதும். முன்னதாகவே கெமாராவைத் திறந்துவிட்டால் அந்த நொடி கிடைக்காது.

படி 4: கூடப் படிக்க ஒருவரைத் தேடுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இருவர் சேர்ந்து படிப்பதற்கு ஹவ்ரூதா என்று பெயர். ‘ஒன்று ஹவ்ரூதா, இல்லையேல் மரணம்’ என்று தல்மூத்திலேயே ஒரு சொல் வருகிறது, அவ்வளவு தீவிரம்.

ரபி யோகனானுக்கு ரேஷ் லாகிஷ் என்று ஒரு துணை இருந்தார். அவர் இறந்த பிறகு வாடிப்போயிருந்த யோகனானுக்குத் துணையாக நன்கு படித்த இன்னொருவரை அனுப்பினார்கள். யோகனான் எது சொன்னாலும் அந்த மனிதர், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். யோகனான் மனம் உடைந்து சொன்னார்: ரேஷ் லாகிஷ் நான் ஒன்று சொன்னால் இருபத்துநான்கு ஆட்சேபங்கள் எழுப்புவான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், அப்படித்தான் விஷயம் விரிந்தது. நான் சொன்னது சரியென்று எனக்கே தெரியாதா, நீ வேறு சொல்ல வேண்டுமா?

ஆகவே தலையாட்டும் ஆளைத் தேடாதீர்கள். உங்கள் அளவுக்கே தெரிந்தவர், வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் வருபவர், ‘எனக்குப் புரியலை’ என்று கூச்சமில்லாமல் சொல்பவர் போதும். யூதராக இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர் அதைத் தன் சொந்தத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும், அதன் பிறகே கருத்து. திருப்பிச் சொல்லும்போதுதான் புரியாத இடம் பிடிபடும். கூகுள் மீட்டில் ஒருவர் திரையைப் பகிர்ந்தால் இருவரும் ஒரே வரியில் இருக்கலாம், அந்தப் பலகை மாதிரி.

யாரும் கிடைக்கவில்லையென்றால், எருசலேமின் பார்தேஸ், நியூயார்க்கின் ஹடார், டிரிஷா போன்ற இடங்கள் நடத்தும் ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்து, கூடப் படிப்பவர்களில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஜூமில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து இருவர் இருவராகப் படிக்கவிடும் வகுப்புகள் உண்டு. சேருமுன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: எழுத்துகள், அவசரமில்லாமல்

எபிரேயத்தில் 22 எழுத்துகள், அவற்றில் 5 சொல்லின் கடைசியில் வந்தால் வேறு வடிவம் எடுக்கும். வலமிருந்து இடம். 247 எழுத்துகளைப் பலகையில் எழுதிக் கற்ற நமக்கு இது மூன்று வார வேலை, தினம் பதினைந்து நிமிடம். ஒன்றுபோலத் தெரியும் ஜோடிகளைத்தான் கவனிக்க வேண்டும்: பேத்தும் காஃபும், ஹேயும் ஹேத்தும், தாலெத்தும் ரேஷும்.

கடைசி ஜோடி எவ்வளவு முக்கியம் என்று தோராச் சுருளிலேயே பார்க்கலாம். உபாகமம் 6:4, ‘இஸ்ரவேலே கேள்’ என்று தொடங்கும் ஷேமா என்ற பிரார்த்தனை வரி, ‘எஹாத்’, அதாவது ‘ஒருவரே’ என்ற சொல்லில் முடிகிறது. அதன் கடைசி எழுத்தான தாலெத்தைச் சுருளில் பெரிதாக எழுதுவார்கள். அதை ரேஷ் என்று வாசித்துவிட்டால் ‘அஹேர்’, ‘வேறொருவர்’ என்று ஆகிவிடும், அதனால்தான் பெரிதாக எழுதுகிறார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஒரு சின்ன மூலை வளைந்திருக்கிறதா, கூர்மையாக இருக்கிறதா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

எழுத்து தெரிந்ததும் முழு மொழியையும் கற்கப் போக வேண்டாம். ஒரு வசனத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல்லை அடையாளம் காண முடிந்தால் போதும், இப்போதைக்கு. ஆமென், அல்லேலூயா என்று தமிழர் வாயில் ஏற்கனவே புழங்கும் எபிரேயச் சொற்களில் தொடங்கலாம். மறுதிசையில் ஒன்றும் உண்டு: 1 இராஜாக்கள் 10:22ல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் ‘துக்கியீம்’ என்று ஒன்று வருகிறது, மயில்கள். அது நம் ‘தோகை’யிலிருந்து போன சொல் என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள்.

படி 6: வரலாறு

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு. இப்போது உங்களிடம் ஒரு நூல் இருக்கிறது, அதை எழுதியவர்கள் யார், ஏன் பாபிலோனில் இருந்தார்கள், எருசலேம் கோயில் என்ன ஆனது என்ற கேள்விகள் தானாகவே வந்திருக்கும். கேள்வி வந்த பிறகு படிக்கிற வரலாறுதான் மனத்தில் நிற்கிறது.

பழங்காலத்துக்கு, யேல் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்களில் கிறிஸ்டின் ஹேய்ஸ் 2006ல் நடத்திய எபிரேய பைபிள் அறிமுகம். 24 விரிவுரைகள், இலவசம், எழுத்து வடிவமும் கூடவே இருக்கிறது. வாரம் ஒன்று போதும். அவர் நூலை வரலாற்று ஆய்வாளராக அணுகுகிறார், யார் எப்போது எழுதியது, எத்தனை கைகள் சேர்ந்தது என்று. பக்தியோடு படிக்கும் வகுப்புகள் அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. இரண்டும் வேறு வேறு படிப்புகள், ஒன்றில் கேட்டதை மற்றதில் கொண்டுபோய் மோதவிடாமல் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இடைக்காலத்துக்கு நான் சொல்வது கெய்ரோ கெனிஸா. கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதால் பழைய தாள்களைப் போட்டு வைக்கும் அறைக்கு கெனிஸா என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படியொரு அறையில் பல நூற்றாண்டுத் தாள்கள் குவிந்து கிடந்தன: பிரார்த்தனை மட்டுமல்லாமல் கடிதம், திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி எல்லாம். 1896, 97ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் அவற்றில் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். இன்று கேம்பிரிட்ஜ் மின்நூலகத்தில் படங்களையும், பிரின்ஸ்டன் கெனிஸா திட்டத்தில் எழுத்துப் பெயர்ப்புகளையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அதில் ஆபிரகாம் பென் யிஜூ என்ற பெயரைத் தேடுங்கள். துனீசியாவிலிருந்து வந்து 1130களிலும் 40களிலும் மங்களூரில் இருந்த வணிகர், வெண்கலப் பட்டறை வைத்திருந்தார், ஆஷு என்ற அடிமைப் பெண்ணை 1132ல் விடுவித்த பத்திரம் இருக்கிறது. அதே காலத்து இந்திய வணிகக் கடிதங்களில் கப்பல் வைத்திருந்த ‘பட்டணசுவாமி’ என்றும் ஒருவர் வருகிறார், எபிரேய எழுத்தில்! முதல் முறை அதைப் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849: சாட்சிக் கையெழுத்துகளில் அரபு, பஹ்லவி (பழைய பாரசீகம்), எபிரேய எழுத்துகள். பிறகு கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை கொடுத்த செப்பேடு, வட்டெழுத்தில்.

கிழக்கு ஐரோப்பாவுக்கு, 1925ல் வில்னாவில் தொடங்கி 1940ல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த யிவோ என்ற யூத ஆய்வு நிறுவனம். அதன் இலவச ஆன்லைன் பாடங்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர் கலைக்களஞ்சியமும் நேர்த்தியானவை.

நாஜிப் படுகொலையைப் பற்றி, டெல் அவிவ் பல்கலைக்கழகமும் எருசலேமில் உள்ள படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷேமும் சேர்ந்து கோர்ஸெரா என்ற பாடத் தளத்தில் ஒரு பாடம் வைத்திருக்கின்றன. அதைப் படியுங்கள், ஆனால் அதில் தொடங்காதீர்கள். அந்த மக்கள் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு முன் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில், வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்ப்ளும் குழு தங்கள் அன்றாட வாழ்க்கையின் சான்றுகளைச் சேர்த்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். 1946லும் 1950லும் இரண்டு பகுதிகள் கிடைத்தன, மூன்றாவது இன்றுவரை கிடைக்கவில்லை.

படி 7: கலை, ஒரு பொருளுக்கு ஒரு மாதம்

‘விக்கிரகம் செய்யாதே’ என்ற கட்டளை உள்ள மரபில் ஓவியம் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்குப் பதிலைக் கட்டுரையில் தேட வேண்டாம், வட இஸ்ரேலில் உள்ள பேத் ஆல்ஃபா தரையைப் பாருங்கள். 1928ன் கடைசியில் ஹெஃப்ட்ஸிபா கிப்புட்ஸ்காரர்கள் (கூட்டுப் பண்ணைக்காரர்கள்) பாசன வாய்க்கால் வெட்டும்போது வெளிப்பட்ட, 6ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடத்தின் மொசைக் தரை. நடுவில் பன்னிரண்டு ராசிகளின் வட்டம், ஒவ்வொன்றுக்கும் எபிரேயப் பெயர். வட்டத்தின் மையத்தில் நான்கு குதிரை பூட்டிய தேரில் சூரியன், கிரேக்கர்களின் ஹீலியோஸ் மாதிரியே. தொழுகைக்கூடத்தின் தரையில்!

அதற்குக் கீழ் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி. கையில் கத்தி, சின்னப் பையனாக ஈசாக்கு, மரத்தில் கட்டிய ஆட்டுக்கடா, ஓரத்தில் கழுதையோடு இரண்டு வேலைக்காரர்கள். மேலேயிருந்து ஒரு கை மட்டும் நீள்கிறது, பக்கத்தில் ‘அல் திஷ்லாஹ்’, ‘நீட்டாதே’ என்ற சொற்கள். கடவுளுக்கு முகம் வரையவில்லை, கை போதும் என்று விட்டிருக்கிறார்கள். செய்த கைவினைஞர்கள் மரியானோஸ், அவர் மகன் ஹனீனா, கிரேக்கத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். இப்போது ஆதியாகமம் 22ஐத் திறந்து, எதை வரைந்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று வசனம் வசனமாக ஒப்பிடுங்கள். இந்த ஒரு பயிற்சியில் ஒரு மாலை போய்விடும்.

அடுத்த மாதம் ஹகாடாக்கள், அதாவது பஸ்கா இரவில் வாசிக்கும் நூல்கள். 1300 அளவில் தெற்கு ஜெர்மனியில் எழுதிய ஒன்றில் மனிதர்களுக்குப் பறவைத் தலை, இப்போது இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். 1350 அளவில் பார்சிலோனா பக்கம் செய்த சரயேவோ ஹகாடாவில் திராட்சரசக் கறை இருக்கிறது, சாப்பாட்டு மேஜையில் புழங்கிய புத்தகம். 1942ல் அதை நாஜிகள் கையில் சிக்காமல் காப்பாற்றியவர் தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம் நூலகர்.

அதற்கப்புறம் ஓவியர் மார்க் ஷகால் எருசலேமின் ஹடாஸா மருத்துவமனைக்குச் செய்து, 1962ல் அங்கே நிறுவப்பட்ட பன்னிரண்டு கண்ணாடிச் சன்னல்கள். ஆதியாகமம் 49ல் யாக்கோபு பிள்ளைகளை ஆசீர்வதிப்பதை முதலில் வாசித்துவிட்டு, யூதாவின் சிங்கம், தாணின் பாம்பு, நப்தலியின் மான் என்று எது எந்தச் சன்னல் என நீங்களே கண்டுபிடியுங்கள். மனித உருவம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

படங்களைத் தேட, எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூதக் கலை மையம் வைத்திருக்கும் பெட்ஸாலேல் நார்கிஸ் அட்டவணை இலவசம்.

படி 8: நேரடி வகுப்பில் சேருமுன்

நேரத்தை முதலில் கணக்குப் போடுங்கள். நியூயார்க்கில் மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை, கோடையில் 4:30, குளிர்காலத்தில் 5:30. எருசலேமில் 7 மணி என்றால் இரவு 9:30 அல்லது 10:30. மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அமெரிக்காவும் இஸ்ரேலும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. நான் ஒரு வகுப்புக்குள் அதிகாலை எழுந்து ஆவலோடு நுழைந்தபோது ஆசிரியர் விடைபெற்றுக்கொண்டிருந்தார். வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இரவு வரை சப்பாத்து, அதாவது ஓய்வுநாள், எதுவும் நடக்காது. செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் வரிசையாக வருவதால் இடைவெளி நீளமாக இருக்கும்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: யூதர் அல்லாதவர் சேரலாமா, மூலத்தோடு மொழிபெயர்ப்பும் தருவீர்களா, பதிவு கிடைக்குமா. முதல் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம், நான் கேட்ட இடங்களில் எல்லாம் அன்பாகவே பதில் வந்தது. கட்டணம் அதிகம் என்றால் குறைக்க வழி உண்டா என்றும் கேட்கலாம்.

வகுப்பில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடவுளின் நான்கெழுத்துப் பெயர் வரும் இடத்தில் அவர்கள் ‘அதோனாய்’ என்றோ ‘ஹஷேம்’ என்றோ சொல்வார்கள், எழுதியபடி உச்சரிக்க மாட்டார்கள். ‘யெகோவா’ என்று நீங்கள் வாசித்துவிடாதீர்கள், ‘ஆண்டவர்’ என்பதற்கான சொல்லைச் சொல்லுங்கள். மற்றபடி, யாரையும் எந்த மதத்துக்கும் அழைக்கும் இடம் அதுவல்ல, இன்றைய அரசியலுக்கு ஒவ்வொருவரையும் பதில் சொல்ல வைக்கும் இடமும் அல்ல.

தேடலில் வரும் எல்லாத் தளத்தையும் நம்பாதீர்கள். ‘தல்மூத்தின் ரகசியம்’ என்று தலைப்பிட்டு ஒரு வரியை அறுத்தெடுத்துப் போடும் பக்கங்கள் நிறைய உண்டு, தமிழிலும் சுற்றுகின்றன. அப்படி ஒரு வரி உங்களுக்கு வந்தால் அதன் தாள் எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தால் செஃபாரியாவில் அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னும் பின்னும் வாசியுங்கள், பல சமயம் அந்த வரியே இருக்காது, இருந்தாலும் அதை மறுத்து அடுத்த வரி இருக்கும்.

படி 9: வாரம் எப்படிப் போகும்

எனக்கு ஒத்துவந்தது இது. செவ்வாய் இரவு அரை மணி நேரம் தனியாக அடுத்த பத்தியை வாசித்துக் கேள்விகளை எழுதுவேன். வியாழன் இரவு எட்டு மணிக்கு அக்காவோடு ஒரு மணி நேரம். ஞாயிறு காலை ஒரு விரிவுரையோ ஒரு படமோ, இரண்டும் சேர்த்து வேண்டாம். இடையில் நேரம் கிடைத்தால் அந்த வாரத்துத் தோராப் பகுதி. தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிப்பார்கள், செஃபாரியாவின் நாட்காட்டியில் இந்த வாரம் எது என்று இருக்கும். ஒரு வாரம் தவறினால் தவறிய இடத்திலிருந்தே தொடருங்கள், ஈடுகட்ட இரண்டு பங்கு படிக்கப் போனால் அடுத்த வாரமும் போய்விடும்.

ஒரு நூலை முடித்தால் சியூம் என்று ஒரு சின்ன விருந்து வைப்பது வழக்கம். அப்போது அந்த நூலைப் பார்த்தே ‘ஹத்ரான் அலாக்’ என்று சொல்வார்கள், உன்னிடம் திரும்பி வருவோம் என்று. நாங்கள் முழு நூல் முடிக்கவில்லை, பாபா மெட்ஸியாவின் முதல் அதிகாரத்தின் மிஷ்னாக்களை மட்டும் முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. அக்கா அவர் வீட்டில் ரவாலாடு பிடித்தார், நான் என் வீட்டில் காபி போட்டேன், இருவரும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அந்த வரியைச் சொன்னோம். இரண்டாம் அதிகாரம் அடுத்த வியாழன் தொடங்குகிறது: தெருவில் சிதறிக் கிடக்கும் பழங்களும் காசுகளும் எடுத்தவருக்குச் சொந்தமா, தொலைத்தவரைத் தேடிக் கூவ வேண்டுமா.